யூரின் சோடியம் 64, ரேஞ்ச்குள்ளதான் இருக்கு... அப்போ எல்லாம் சரியா?

உங்க கேள்விய முதல்ல சுருக்கமா எழுதிடறேன், மத்தவங்களும் படிப்பாங்க. அம்மாவுக்கு 68 வயசு, ரொம்ப வருஷமா பிபி இருக்கு, மூணு வாரம் முன்னாடி மாத்திரைய மாத்திக் குடுத்திருக்காங்க. ஒரு வாரமா தலைசுத்தல், குமட்டல், ரெண்டு தடவ வாந்தி, பேசும்போது கொஞ்சம் தடுமாற்றம். பிளட் டெஸ்ட்ல சோடியம் 122, உடனே அட்மிட் பண்ணிட்டாங்க. யூரின் சோடியம் 64 வந்திருக்கு, பக்கத்துல 40 முதல் 220னு ரேஞ்ச் போட்டிருக்கு. டாக்டர் தண்ணிய குறைக்கச் சொல்றார், வீட்ல பெரியவங்க உப்பு போட்ட கஞ்சி நிறைய குடுன்னு சொல்றாங்க, யூரின் நார்மல்னா கிட்னில பிரச்சனை இல்லதானேன்னு கேட்டிருக்கீங்க.

நான் எம்டி பயோகெமிஸ்ட்ரி படிச்சிட்டு லேப்ல இருக்கற ஆளு. இந்த மாதிரி ரிப்போர்ட்ல தினமும் கையெழுத்து போடறேன், அதனால லேப் பக்கத்துல இருந்து தெரிஞ்சத எல்லாம் சொல்றேன். அம்மாவ நேர்ல பாக்கறவர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

அந்த 40-220 இருக்கே, அது 24 மணி நேரம் பூரா சேத்து வெச்ச யூரினுக்கான ரேஞ்ச், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தன மில்லிமோல் (லேப்ல சோடியத்த அளக்கற அலகு) சோடியம் வெளிய போகுதுங்கற கணக்கு. உங்க அம்மாவுக்கு எடுத்தது ஒரே ஒரு தடவ புடிச்சுக் குடுத்த ஸ்பாட் யூரின், அதுல 64ன்னா ஒரு லிட்டருக்கு 64 மில்லிமோல். ரெண்டும் வேற வேற அளவு. ஆனா நிறைய இடத்துல கம்ப்யூட்டர்ல ஒரே ரேஞ்ச ரெண்டுக்கும் ஏத்தி வெச்சிருக்காங்க, அதுதான் பிரிண்ட் ஆகி வருது, குடும்பத்துல இருக்கறவங்க அத பாத்துட்டு நிம்மதி ஆயிடறாங்க. எனக்கு இது ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம். ஸ்பாட் யூரின் சோடியத்துக்கு ரேஞ்சே போடக்கூடாது, "நோயாளியோட நிலைமையோட சேத்துப் பாக்கவும்"னு ஒரு வரி மட்டும் போட்டா போதும்.

ஏன் ரேஞ்ச் இல்லன்னு சொல்றேன். நம்ம கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது. அந்த 180 லிட்டர்ல இருக்கற சோடியத்த உப்பா கணக்கு போட்டா ஏறக்குறைய ஒன்றரை கிலோ! நாம கடையில வாங்கற ஒரு கிலோ உப்பு பாக்கெட், அதுக்கு மேல இன்னும் ஒரு அரை பாக்கெட், தினமும். அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் கிட்னி திருப்பி எடுத்துக்குது, நாம சாப்பாட்ல எவ்வளவு உள்ள அனுப்பினோமோ ஏறக்குறைய அவ்வளவ மட்டும் வெளிய விடுது. அப்போ உப்பு நிறைய சாப்பிட்டவருக்கு யூரின்ல நிறைய வரும், கம்மியா சாப்பிட்டவருக்கு கம்மியா வரும், ரெண்டு பேரும் ஆரோக்கியமாதான் இருப்பாங்க. 1988ல வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வுல 32 நாட்டுல 52 இடத்துல பத்தாயிரம் பேருக்கு மேல 24 மணி நேர யூரின் எடுத்துப் பாத்தாங்க. பிரேசில் காட்டுக்குள்ள இருக்கற யானோமாமி மக்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமோல் கூட வரல, சீனாவுல தியான்ஜின்ல சுமார் 242. இதுல எத நார்மல்னு சொல்லுவீங்க?

அதனால யூரின் சோடியத்த பாக்கும்போது கேக்க வேண்டிய கேள்வி, "உடம்பு இப்ப இருக்கற நிலைமைக்கு கிட்னி செய்யறது பொருத்தமா இருக்கா". உடம்புல நீர் வத்திப் போச்சு, பேதி, பிபி இறங்கிடுச்சுன்னா கிட்னி உப்ப கெட்டியா புடிச்சு வெச்சுக்கணும், யூரின்ல 20க்கு கீழ வரணும். அப்படி வந்தா கிட்னி தன் வேலைய ஒழுங்கா பாக்குதுன்னு அர்த்தம், ரிப்போர்ட்ல "லோ"ன்னு ஸ்டார் விழுந்தாலும் சரி. வத்திப் போன ஒருத்தருக்கு 64 வந்தா, அது எந்த ரேஞ்ச்குள்ள இருந்தாலும் ஏதோ ஒண்ணு அந்த உப்ப வெளிய தள்ளுதுன்னு யோசிக்கணும்.

இப்ப உங்க அம்மா விஷயம். பிளட்ல சோடியம் 135 முதல் 145 இருக்கணும், 122 நல்லாவே கம்மி. சோடியம் கம்மின்னு சொன்ன உடனே எல்லாரும் உப்பு பத்தலன்னு நெனைக்கறாங்க. ரசத்துல உப்பு ஒறைக்கலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம்ல, உப்பு கம்மியா போட்டிருக்கலாம், இல்ல தண்ணி ஒரு சொம்பு கூட ஊத்தியிருக்கலாம். பிளட்ல சோடியம் குறையறது பெரும்பாலும் ரெண்டாவது வகை. உடம்புல இருந்து வெளிய போக வேண்டிய தண்ணி போகாம நிக்குது. தண்ணிய நிறுத்தி வெக்கறது ஏடிஹெச்னு ஒரு ஹார்மோன், மூளையில பிட்யூட்டரில இருந்து வருது. அது வேல செய்யும்போது யூரின் கெட்டியா வரும், தண்ணி உள்ளயே தங்கிடும்.

அதனால இந்த நிலைமைல யூரின் சோடியம் மட்டும் எடுத்தா பாதி வேலதான், கூடவே யூரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது யூரின் எவ்வளவு கெட்டியா இருக்குங்கற அளவு, எடுக்கணும். அது 100க்கு கீழ இருந்தா கிட்னி தண்ணிய நல்லா வெளிய தள்ளுது, ஆளு அளவுக்கு மேல தண்ணி குடிக்கறார், இல்ல சாப்பாடே சரியா இல்லாம வெறும் டீயும் ரெண்டு ரஸ்க்கும்னு ஓட்டறார்னு அர்த்தம். 100க்கு மேலன்னா ஏடிஹெச் வேல செய்யுது. அதுக்கப்புறம்தான் யூரின் சோடியத்துக்கு வேலை. 2014ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்ல 30ஐ கோடா வெச்சிருக்காங்க. 30க்கு கீழன்னா ரத்த ஓட்டம் கம்மியா இருக்குன்னு கிட்னி நெனைக்குது, அது பேதியில வத்திப் போனவங்களாவும் இருக்கலாம், இதயம் வீக்கா இருந்து கால் வீங்கினவங்களாவும் இருக்கலாம், கல்லீரல் கெட்டு வயித்துல நீர் கோத்தவங்களாவும் இருக்கலாம். ஆள பாத்தாலே இந்த மூணையும் பிரிச்சிடலாம். 30க்கு மேலன்னா முதல் கேள்வி மாத்திரை. நீர் மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?

நீங்க மாத்திரை பேர எழுதல, அதனாலதான் கேக்கறேன், அந்த அட்டைய எடுத்து இப்பவே பாருங்க. நம்ம ஊர்ல பிபி மாத்திரை பேருக்குப் பின்னாடி "ஹெச்"னு தனியா ஒரு எழுத்து இருந்தா பெரும்பாலும் அதுல ஹைட்ரோகுளோரோதயசைட் சேந்திருக்கு. குளோர்தாலிடோன், இண்டாபமைட் இதெல்லாமும் கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான். நிறைய பேருக்கு இது நீர் மாத்திரைன்னே தெரியாது, "பிபி மாத்திரை"ன்னுதான் சொல்லுவாங்க, வார்டுல டாக்டர் "நீர் மாத்திரை சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க. வயசான, ஒல்லியான பொம்பளைங்களுக்கு இந்த மாத்திரைல சோடியம் இறங்கறது நாங்க அடிக்கடி பாக்கற கதை, அதுவும் மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல. கிட்னியில யூரின நீர்க்கப் பண்ற இடம் ஒண்ணு இருக்கு, இந்த மாத்திரை சரியா அந்த இடத்துல போய் உக்காருது, அதனால உப்பு வெளிய போகுது, தண்ணிய மட்டும் தனியா வெளிய தள்ள முடியாம போகுது. மூணு வாரம் முன்னாடி மாத்திரை மாத்தினாங்கன்னு நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு முதல்ல தோணுனது இதுதான். ஆனா அட்டைய பாக்காம நான் உறுதியா சொல்ல மாட்டேன்.

நீர் மாத்திரை இல்லன்னா அடுத்தது எஸ்ஐஏடிஹெச்னு சொல்ற நிலைமை, அதாவது தேவையே இல்லாம ஏடிஹெச் சுரக்கறது. 1957ல ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் ரெண்டு பேரும் நுரையீரல் கேன்சர் இருந்த நோயாளிகள்ல இத முதல்ல எழுதினாங்க. இன்னிக்கு இதுக்கு காரணம் பல இருக்கு, நிமோனியா, டிபி, மூளையில ஏதாவது, வலிப்புக்கு குடுக்கற கார்பமசெபைன், டிப்ரஷனுக்கு குடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எல்லாம் இதுல வரும். ஆனா இந்தப் பேர வெக்கறதுக்கு முன்னாடி தைராய்டும், அட்ரினல் சுரப்பில இருந்து வர்ற கார்ட்டிசோல்ங்கற ஹார்மோனும் பாத்திருக்கணும், அட்ரினல் சுரப்பி சரியா வேல செய்யாதவங்களுக்கும் இதே மாதிரி யூரின்ல சோடியம் போகும், அத தவற விட்டா உயிருக்கே ஆபத்து. பிளட்ல யூரிக் ஆசிட் 4க்கு கீழ இருந்தா எஸ்ஐஏடிஹெச் பக்கம் சாயும், அது விலை கம்மியான நல்ல துப்பு.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அது உங்க அம்மாவுக்கு பொருந்தலாம்ங்கறதால சொல்றேன். வாந்தி. வாந்தி எடுத்து நீர் வத்தினவங்களுக்கு யூரின் சோடியம் கம்மியா வரணும்தானே? ஆனா வாந்தில வயித்து ஆசிட் போயிடறதால ரத்தத்துல பைகார்பனேட் ஏறிடும், கிட்னி அத வெளிய தள்ளும்போது கூடவே சோடியத்தையும் இழுத்துட்டுப் போகும். சோடியம் 50, 60னு வரும், பாக்கறவங்க ஏமாந்துடுவாங்க. அந்த நேரத்துல யூரின் குளோரைடு எடுத்தா உண்மை தெரிஞ்சிடும், அது 20க்கு கீழ இருக்கும். அதே சாம்பிள்ல, அதே மெஷின்ல ஓடற டெஸ்ட் அது. சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூணையும் சேத்தே கேளுங்கன்னு நான் வார்டுக்கு சொல்லிட்டே இருப்பேன்.

அப்போ உப்புக் கஞ்சி குடுக்கலாமா? வேணாம், டாக்டர கேக்காம குடுக்காதீங்க. கஞ்சில உப்ப விட தண்ணிதான் நிறைய. டிரிப்ஸ்லயே இந்தக் கதை நடக்கும். ஒரு பாட்டில் நார்மல் சலைன்ல, அதாவது உப்புத் தண்ணி டிரிப்ஸ்ல, லிட்டருக்கு சோடியம் 154, ஆஸ்மோலாலிட்டி சுமார் 308. எஸ்ஐஏடிஹெச் இருக்கறவரோட யூரின் 600க்கு கெட்டியா வருதுன்னு வெச்சுக்கங்க. கிட்னி அந்த ஒரு லிட்டர்ல இருக்கற உப்பு பூராவையும் அரை லிட்டர் யூரின்ல வெளிய அனுப்பிட்டு, மிச்சம் அரை லிட்டர் வெறும் தண்ணிய உள்ள வெச்சுக்கும். சலைன் ஏத்தின பிறகு சோடியம் இன்னும் கீழ போயிடும். அதே சலைன் பேதில வத்தினவருக்கு மருந்து. இந்த ரெண்டுல அம்மா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த யூரின் டெஸ்ட்டே, டாக்டர் தண்ணிய குறைக்கச் சொல்றார்னா அவர் ஒரு பக்கம் முடிவு பண்ணிட்டார்னு தெரியுது, ஏன்னு கேளுங்க, சொல்லுவார்.

இங்க எங்க வீட்ல நடந்தது ஒண்ணு சொல்லணும். எங்க அப்பாவுக்கு இதே மாதிரி சோடியம் இறங்கி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். நான் வெளியூர்ல இருந்தேன், வந்து சேரும்போது விடிஞ்சிடுச்சு. அதுக்குள்ள ரெண்டு பாட்டில் சலைன் ஏறி, கூடவே ஃபுரோசமைட்னு நீர் பிரிய வெக்கற ஊசியும் போட்டிருந்தாங்க, அப்புறம் காலைல எட்டு மணிக்கு யூரின் எடுத்து அனுப்பினாங்க. சோடியம் 98 வந்துச்சு. அந்த 98ஐ வெச்சுட்டு நான் என்ன பண்றது? அது அப்பாவோட கிட்னி சொன்ன பதிலா, ஊசி சொன்ன பதிலான்னு யாராலயும் பிரிக்க முடியாது. முதல் பாட்டில் சலைனுக்கு முன்னாடி எடுத்த யூரின் ஒரு இருபது மில்லி கெடைச்சிருந்தா மூணு நாள் அலைச்சல் மிச்சம். அன்னியில இருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், சோடியம் கம்மின்னு யாரையாவது சேத்தா, டிரிப்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டப்பால யூரின் புடிச்சு வெச்சுக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட கேளுங்க. அவசரம்னா ட்ரீட்மென்ட்ட நிறுத்தி வெக்க வேணாம், ஆனா எந்த நேரத்துல எடுத்தது, அதுக்கு முன்னாடி என்ன ஏறியிருந்ததுன்னு சீட்டுல எழுதியாவது அனுப்பணும். டிரிப்ஸ் ஏறற கையிலயே ரத்தம் எடுக்கறதும் அதே மாதிரி தப்பு, பாட்டில்ல இருக்கற சோடியம்தான் ரிப்போர்ட்ல வரும்.

யூரின் சோடியம் கேக்கற வேற சில சந்தர்ப்பம் இருக்கு, பொதுவா படிக்கறவங்களுக்காக அதையும் சொல்லிடறேன். ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வெளிய தள்ற ஒரு கழிவு) திடீர்னு ஏறினா அது நீர் வத்தினதாலயா, கிட்னியே அடிபட்டதாலயான்னு பிரிக்க எஃப்இஎன்ஏன்னு ஒரு கணக்கு போடுவாங்க. யூரின் சோடியத்த பிளட் கிரியேட்டினினோட பெருக்கி, அத, பிளட் சோடியத்தையும் யூரின் கிரியேட்டினினையும் பெருக்கினா வர்றதால வகுத்து, நூறால பெருக்கணும். உதாரணமா யூரின் சோடியம் 12, பிளட் கிரியேட்டினின் 2.4, பிளட் சோடியம் 138, யூரின் கிரியேட்டினின் 120ன்னா வர்றது 0.17 சதவீதம். 1க்கு கீழன்னா வத்தினது, 2க்கு மேலன்னா கிட்னி குழாய் அடிபட்டிருக்கலாம். நீர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்தக் கணக்கு தப்பும், அவங்களுக்கு யூரியாவ வெச்சு கணக்கு போடுவாங்க, அதுல 35 சதவீதம்தான் கோடு.

இதயம் வீக்கா இருந்து வீக்கத்தோட வர்றவங்களுக்கு ஃபுரோசமைட் ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஸ்பாட் யூரின் சோடியம் பாக்கறாங்க. அங்க கதை தலைகீழ். நிறைய வரணும்! 50 முதல் 70க்கு கீழ வந்தா ஊசி பத்தல, டோஸ ஏத்தணும்னு அர்த்தம். உங்க அம்மாவோட அதே 64 அந்த வார்டுல இருந்தா "இன்னும் கொஞ்சம் போகணும்"னு படிப்பாங்க, பேதி வார்டுல இருந்தா "ஏன் இவ்வளவு போகுது"ன்னு படிப்பாங்க.

அப்புறம் 24 மணி நேர யூரின். ஒரு நாள்ல எவ்வளவு உப்பு சாப்பிடறோம்னு தெரிஞ்சுக்க இத விட நல்ல வழி கிடையாது, பிபி கட்டுக்குள்ள வராதவங்க, கிட்னி ஸ்டோன் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு கேப்பாங்க. ஸ்டோனுக்கு எதுக்கு சோடியம்னு கேக்கலாம். யூரின்ல சோடியம் நிறைய போனா கால்சியத்தையும் இழுத்துட்டுப் போகும். கணக்கு சுலபம். ஒரு லிட்டருக்கு 80, மொத்த யூரின் 2.1 லிட்டர்னா 168 மில்லிமோல். ஒரு கிராம் உப்புல 17 மில்லிமோல் சோடியம், அதனால 17ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10 கிராம் உப்பு. சாப்பிட்டதுல சுமார் 90 சதவீதம்தான் யூரின்ல வரும், மிச்சம் வேர்வையிலயும் மலத்துலயும் போகும், அப்போ உள்ள போனது 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5 கிராமுக்குள்ள, அதாவது சுமார் 87 மில்லிமோல். "நான் உப்பே சேத்துக்கறதில்ல டாக்டர்"னு சொல்றவங்களுக்கு 200 வரும், ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் அவங்க கணக்குலயே வராது, பாவம், பொய் சொல்றதில்ல, உண்மையாவே தெரியாது.

சேகரிக்கறதுலதான் எல்லாம் கெட்டுப் போகும். ஒருத்தர் அஞ்சு லிட்டர் கேன்ல அடியில மட்டும் கொஞ்சமா, ஒரு அறுநூறு மில்லி கொண்டாந்தார். 24 மணி நேரமும் சேத்தீங்களா சார்னு கேட்டா ஆமாங்கறார். கிரியேட்டினின் போட்டுப் பாத்தேன், மொத்தம் 480 மில்லிகிராம். அவரு எடை எழுபது கிலோ, ஆம்பளைக்கு கிலோவுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரணும், குறைஞ்சது ஆயிரத்துக்கு மேல இருக்கணும். மெதுவா பேச்சு குடுத்தா, "பகல்ல கடைல இருந்தேம்மா, அங்க கேன எப்படி தூக்கிட்டுப் போறது"ன்னார். அவர் மேல தப்பே இல்ல, யாரும் அவருக்கு சரியா சொல்லல. காலைல எழுந்ததும் போற முதல் யூரின கேன்ல புடிக்காம விட்டுட்டு அந்த நேரத்த எழுதி வெச்சுக்கணும், அதுக்கப்புறம் போற ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள்ள, மறுநாள் காலைல அதே நேரத்துக்குப் போற முதல் யூரினும் சேத்து. ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கறப்ப பண்ணுங்க, ஆனா விருந்து சாப்பாடு இல்லாத ஞாயிறா பாத்துக்கங்க.

திரும்ப உங்க அம்மாகிட்ட வர்றேன். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: யூரின் ஆஸ்மோலாலிட்டியும் குளோரைடும் அதே சாம்பிள்ல போட முடியுமா, தைராய்டு, கார்ட்டிசோல், யூரிக் ஆசிட் பாத்தாச்சா, யூரின் எடுத்தது டிரிப்ஸுக்கு முன்னாடியா பின்னாடியா. ஆஸ்மோலாலிட்டி மெஷின் அங்க இல்லன்னா சாதாரண யூரின் ரொட்டீன்ல ஸ்பெசிஃபிக் கிராவிட்டின்னு ஒண்ணு இருக்கும், 1.010ன்னா சுமார் 300, 1.003 மாதிரி இருந்தா நீர்த்த யூரின், தோராயமா புரிஞ்சுக்கலாம். சோடியம் மெதுவா ஏறுதேன்னு பதட்டப்படாதீங்க, அவங்களும் வேணும்னேதான் மெதுவா ஏத்தறாங்க, 24 மணி நேரத்துல 8 முதல் 10க்கு மேல ஏத்தக்கூடாது, வேகமா ஏறினா மூளை நரம்போட உறை சிதைஞ்சு போற ஆபத்து இருக்கு. முக்கியமா, இது அந்த மாத்திரையாலதான்னா, நிறுத்தின உடனே கிட்னி பூட்டு தெறந்த மாதிரி தண்ணிய வெளிய விடும், யூரின் லிட்டர் கணக்குல போகும், சோடியம் நெனைச்சத விட வேகமா ஏறிடும். அதுக்குத்தான் நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரத்தம் எடுக்கறாங்க, "எதுக்கு சும்மா சும்மா குத்தறீங்க"ன்னு சண்ட போடாதீங்க. யூரின் திடீர்னு நிறைய போக ஆரம்பிச்சா நீங்களே போய் நர்ஸ்கிட்ட சொல்லுங்க. அம்மா ரொம்ப தூங்கி வழிஞ்சாலோ, ஆள் தெரியாம பேசினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம கூப்பிடுங்க.

அந்த மாத்திரைதான் காரணம்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டா, அதோட மருந்துப் பேர, கம்பெனிப் பேர இல்ல, அம்மாவோட ஃபைல் முதல் பக்கத்துல சிவப்பு பேனால எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற டாக்டர் பிபிக்கு அதே மருந்த வேற பேர்ல எழுதுவார், அவருக்கு இந்தக் கதை தெரியாது. இந்த வகையில ஒரு தடவ சோடியம் இறங்கினவங்களுக்கு மறுபடி குடுத்தா மறுபடி இறங்கும்.

அட்டைய பாத்துட்டு பேர எழுதுங்க, நான் பாத்து சொல்றேன்.